என் குரலும் நீ வைத்த பெயரும்

கண்ணா,

உன் பெட்டி கூடத்தில் வாயைத் திறந்தபடி கிடக்கிறது. நீ மடித்து அடுக்கிய சட்டைகளின் மேல் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு விழுந்திருக்கிறது. நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறாய். அப்பா ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருக்கிறார், நான் லீவு போட்டிருக்கிறேன். பக்கத்து ரயில் பணிமனையிலிருந்து ஒரு காலி வண்டி மெதுவாக வெளியே வருகிறது. அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் தரை வழியாகப் பாதத்துக்கு வந்துவிடுகிறது. அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸை விட்டு அண்ணனூருக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு இந்தக் காலி ரயில்களின் மேல் ஒரு மயக்கம். விளக்கு எரியும், விசிறி சுற்றும், கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஆடும், உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலவும் யாரோ இனிமேல் வரப்போவதுபோலவும் இருக்கும். நீ போனபின் இந்த வீடும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கோயம்புத்தூர் வண்டி ஏறுகிறாய். மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் திருடர்களிடமிருந்து காப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் உனக்கு முதல் வேலை. எதிர்வீட்டு அத்தை என்ன வேலை என்று கேட்டபோது, "வாட்ச்மேன் வேலைதான் அத்தை, ஆனா ஏசி ரூம்ல" என்றாய். அவர் பாவம், என்னைத் தனியாகப் பிடித்து, "இவ்ளோ படிக்க வெச்சிட்டு இன்னாம்மா இப்பிடி?" என்று வருத்தப்பட்டார். நான் சிரித்தேன். உன் பேச்சுக்கு நான் எப்போதும் சிரித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே இருந்ததால்தான் இரண்டு மாதமாக உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல முடியாமல் இருக்கிறேன். நேரில் ஆரம்பித்தால் நீ ஏதாவது சொல்வாய், நான் சிரித்துவிடுவேன், விஷயம் போய்விடும்.

முதலில் நீ படி. பிறகு இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளிலிருந்து பிள்ளைகள் இதே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அம்மாக்களும் படிக்கட்டும். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "இன்னாக்கா இது, எழுதறதுக்கெல்லாம் பர்மிஷன் கேட்டுகினு! எழுதுங்க. என் பேர மாத்திடுங்க. அந்த மீன் பேர மட்டும் போட்றாதீங்க" என்றாள். அதனால் அவளை இங்கே தேவி என்று சொல்கிறேன். யார் என்று உனக்குத் தெரியும். அந்த மீன் எது என்பதும் தெரியும்.

என் வேலையைப்பற்றி நீ அதிகம் யோசித்திருக்கமாட்டாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸும் டிஸ்பாட்ச்சும் பார்க்கிறேன் என்று பள்ளிக்கூடப் படிவங்களில் எழுதியிருப்பாய். உண்மையில் என் வேலை பேசுவது. சென்னீர்குப்பத்தில் இரண்டாவது யூனிட் ஆரம்பித்தபிறகு நாள் முழுவதும் பேச்சுதான். போனில் தட்டித் தட்டி எழுத எனக்குப் பொறுமை கிடையாது. காலையில் ரயில் ஏறியதும் குரல் பதிவுகளை அனுப்ப ஆரம்பிப்பேன். பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் எந்த வண்டியில் எது ஏறவேண்டும், எது நிற்கவேண்டும் என்று எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். டிரைவர்கள் எனக்கு 'ரேடியோக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என் குரல் மட்டும் பெங்களூர் நெடுஞ்சாலையில் மழையில் போகிற வண்டிகளுக்குள் பேசிக்கொண்டிருக்கும். நான் பார்த்தேயிராத ஊர்களின் டீக்கடை பெஞ்சுகளில் யாரோ என்னைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கும். என்னைவிட என் குரல் அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது.

தேவியும் எனக்குக் குரல்தான். சென்னீர்குப்பம் யூனிட்டில் மெஷின்களுக்கான டிராயிங்குகள் இருக்கும் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அந்த ஊர்ப் பெண். பழைய விவசாயக் குடும்பம், இப்போது நிலமிருந்த இடத்தில் குடோன்கள். மூன்று வருஷமாகத் தினமும் பேசுகிறோம், இரண்டு மாதத்துக்கு முன்பு வரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. நான் போன் செய்தாலும் குரல் பதிவு அனுப்பினாலும் முதலில், "தேவி கண்ணு, சாப்ட்டியா?" என்பேன். பிறகுதான் வேலை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் குரலிலேயே எனக்குத் தெரியும். நான் உன்னைத் திட்டிவிட்டு வந்த நாட்களில், "இன்னாக்கா, வூட்ல தம்பியோட சண்டையா?" என்று அவள் கேட்பாள்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே கை நல்லது. குவார்ட்டர்ஸில் இருந்தபோது சாக்பீஸ் கிடைத்தால் போதும், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் எங்கள் பிளாக் முழுவதையும் மிருகங்களாக வரைந்துவிடுவாய். தென்காசிக்காரர் வீட்டு மாமி கோழி, மாடி வீட்டு சேலத்துக்காரர் ஒட்டகம். அவருக்குக் கழுத்து கொஞ்சம் நீளம். எல்லோரும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். உன் அப்பாகூட, வேலைக்குப் போகும்போது ஃபேக்டரி வாசலில் போனைக் கொடுத்துவிட்டு, காட்டப் படம் இல்லாமல், உள்ளே போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாகச் சொன்னார். ஒட்டகம் மாமாவும் சிரித்தார். அதன்பிறகு அவர் பால் வாங்கப் போகும்போது நேர் வழியை விட்டு, விளையாட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவார். நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். தொட்டிச் சுவரை மழை கழுவியபிறகும் அவர் சுற்றிக்கொண்டுதான் போனார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. காலை வெயிலில் ஒரு மனிதர் வேண்டுமென்றே நீளமான வழியில் நடந்து போகிற அழகான காட்சியாகத்தான் பார்த்தேன்.

உன் கடைசி வருஷப் படிப்பின்போது எங்கள் முதலாளி என்னிடம், "உன் பையன் இதுதானேம்மா படிக்கிறான்? நம்ம ஆளுங்களுக்கு ஒரு நாள் வந்து சொல்லிக் குடுக்கச் சொல்லேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ வருவதற்கு ஒரு வாரம் முன்பு சோதனையாக எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பினாய். முதலாளி எழுதியதுபோலவே இருந்தது. அவர் வழக்கமாகப் போடும் 'அன்புச் சொந்தங்களே'கூட இருந்தது. தீபாவளிக்கு எந்த இனிப்பு வேண்டும் என்று கீழே அழுத்தித் தெரிவிக்கவேண்டும். பாதிப் பேருக்கு மேல் அழுத்தினார்கள். தேவி, 'காரம் மட்டும் போதும்' என்று எழுதி அழுத்தியிருந்தாள். முதலாளியும் அழுத்தினார், தன் பெயரில் வந்த மெயிலிலேயே. யாரோ ஆபீஸில் தனக்காகத் தயார் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

அன்று அம்பத்தூர் சாப்பாட்டுக் கூடத்தில் நீ பேசியதெல்லாம் சரி. மெஷினே இப்போது மெயில் எழுதும், நம்மைவிடத் தப்பில்லாமல் எழுதும் என்றாய். மெஷினே பேசும், தெரிந்தவர் குரலிலேயே பேசும் என்றாய். அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள் என்றாய். நான் கடைசி வரிசையில் நின்று, என் வயிற்றில் இருந்த பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் படத்தைப் போட்டாய். ஒரு பெரிய வலை, உள்ளே மீன்கள், ஒவ்வொரு மீனின் மேலும் அழுத்தியவர் ஒருவரின் பெயர், கீழே ஒரு மீன் பெயர். சுவர் அதிரச் சிரித்தார்கள். நானும்தான். படம் அன்றே சென்னீர்குப்பத்து ஆட்களின் போனுக்கும் போய்விட்டது. முதலாளி மட்டும் வலையில் இல்லை. முந்தின நாள் நீ என்னிடம் காட்டியபோது, "அவரை எடுத்துடுடா" என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அப்போதே என்னை நான் கேட்டிருந்தால், மற்றவர்களையும் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

மற்றவர்களின் மீன் பெயரெல்லாம் தீபாவளியோடு போய்விட்டது. தேவியுடையது ஒட்டிக்கொண்டது. அவள் ஒல்லி, நீ வலையின் மூலையில் அவளுக்குக் கொடுத்த மீனும் பொடி மீன், பெயர் கூப்பிட வசதியாக இருந்தது. சென்னீர்குப்பத்து மெஷின் ஆட்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். "இன்னா மீனு, இன்னிக்கு வலை எங்க?" "மீனாண்ட டிராயிங் கேளு, முள்ளோட குடுக்கும்." அதில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவளும் திருப்பிக் கொடுப்பாள். "போ நைனா, நீ கருவாடு" என்பாள். போனில் பின்னால் அந்தச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்கும். ஒரு கலகலப்பான இடம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். ஆபீஸில் எல்லோருக்கும் சாப்பாட்டுக் களைப்பு. தகரக் கூரைமேல் மழை விழுந்து விழுந்து, பேசுவதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. நான் கன்னத்தில் கைவைத்துக் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன். அதே நேரத்தில்தான் என் குரல் சென்னீர்குப்பத்தில் தேவியோடு பேசிக்கொண்டிருந்தது.

"தேவி கண்ணு, சாப்ட்டியா? என் போன்ல சார்ஜ் இல்ல, வேற நம்பர்ல பேசறேன். கஸ்டமர் கம்பெனியில இருந்து நம்ம மெஷின் சாஃப்ட்வேர் பாக்கணுமாம். ஒரு லிங்க் வரும், தொறந்து வை. ஸ்கிரீன்ல ஒரு நம்பர் வரும், அத எனக்குச் சொல்லு. மெதுவா செய், அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்று சொன்னதைக் கவனித்தாயா? நீ சொல்லிக்கொடுத்தது திருடர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தேவி லிங்க்கைத் திறந்தாள், எண்ணைச் சொன்னாள். குரல் நன்றி சொல்லிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அவள் ஸ்கிரீனில் மவுஸின் அம்பு தானாக நகர்ந்தது. அவள் கை மவுஸின்மேல் இல்லை. அம்பு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டு, வீட்டு ஆள்போல உள்ளே நடந்து போனதாம். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஸ்கிரீனை மட்டும் அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை சொல்லவில்லை. வேலை முடியும் நேரத்தில் அம்பத்தூரிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பூட்டிக்கொண்டது. டிராயிங், டிஸ்பாட்ச், எதையும் திறக்க முடியவில்லை. மெஷின்கள் நின்றன. மெஷின் நின்றுபோன எஸ்டேட் ஷெட்டை நீ பார்த்ததில்லை. அதற்குள் நின்றால், நமக்குக் காது இருக்கிறது என்பதே புதிதாகத் தெரியும்.

பழுது பார்க்க வந்தவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குள் தங்கிவிட்டது. "அம்பு நகர்ந்த உடனே ஒருத்தர் வாயத் திறந்திருந்தா, ஒயரப் புடுங்கியிருப்போம். ஒரு கம்ப்யூட்டரோட போயிருக்கும்."

தேவியின் போன், வருகிற அழைப்புகளையெல்லாம் தானாகப் பதிவு செய்து வைக்கும் போன். அந்த உரையாடலை மறுநாள் முதலாளி அறையில் போட்டுக் காட்டினார்கள். நான் சொல்லவே இல்லாத சொற்களை என் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கண் அயர்ந்தேன் அல்லவா, தூக்கத்தில் நானே பேசிவிட்டேனோ என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. என் மூச்சு அதில் இருந்தது. வாக்கியத்தின் கடைசியில் நான் கொஞ்சம் இழுப்பேனே, அது இருந்தது. என்னைவிட அந்தக் குரல் அன்பாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. நான் சில நாள் அந்தச் 'சாப்ட்டியா'வை வேகமாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குப் போய்விடுவேன். அது காத்திருந்தது. "தயிர் சாதம்க்கா" என்று தேவி சொல்லும்வரை காத்திருந்தது. எந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து, யார் போனிலிருந்து என் குரலை எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. சைபர் க்ரைமில் புகார் கொடுத்திருக்கிறோம்.

முதலாளி, "அந்தப் பொண்ண நிறுத்திடலாம்மா" என்றார். "ஒரு நாள் பொறுங்க சார், நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றேன்.

ஆவடியில் பஸ் ஏறி, பருத்திப்பட்டு ஏரி ஓரமாகப் போனேன். மழை விட்டிருந்தது. ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்ததில் தண்ணீர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு கொக்கு, நிற்க இடமே இல்லாத இடத்தில் நிற்பதுபோல நின்றது. மூன்று வருஷம் பேசிய ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன், அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஷெட் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். என்னை யாரோ என்று பார்த்தாள். நான், "தேவி கண்ணு" என்றேன்.

அவள் ஓரடி பின்னால் போனாள்.

"அக்கா, நீங்கதானா? தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா? உங்க குரலக் கேட்டா அந்தப் போனுதான் ஞாபகம் வருது."

நான் பேசாமல் இருந்தேன். பேசுவதைத் தவிர வேறு வேலை தெரியாதவள் நான். இருவரும் அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தோம். உள்ளே மெஷின் ஓடாததால் நெடுஞ்சாலையில் போகும் ஒவ்வொரு லாரியும் தனித்தனியாகக் கேட்டது. அவள் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, கடித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். நல்ல முகம் கண்ணா அவளுக்கு. குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்னவள்.

பழம் முடிந்தபிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அம்பு தானா போவும்போதே தெரிஞ்சுபோச்சுக்கா."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சொல்லணும்னு எழுந்துட்டேன். மெஷின்ல கீற குமார் அண்ணாத்தே எதுர்ல வந்துச்சு. 'இன்னா மீனு, மூஞ்சி வெளுத்துகினு கீது, மறுபடி மாட்டிகினியா?'ன்னுச்சு. சும்மா தமாசுக்குத்தான். அதுக்கு ஒண்ணுந்தெரியாது. நான் திரும்பி வந்துட்டேன். அன்னிக்கு வெறும் டெஸ்ட்டு. அதுக்கே இந்தப் பேரு. இப்ப நெசமா மாட்டிகினேன்னா இன்னா பேரு வெப்பாங்கன்னு யோசிச்சேன். எங்க தெருவு வரைக்கும் வந்துட்சுக்கா அந்தப் பேரு. பொண்ணு பாக்க வர்றவங்க காதுல வுழுந்துடும்னு எங்கம்மா சண்ட போடுது. அப்பிடியே குந்திட்டேன். தானா சரியாயிடும்னு நெனச்சேன்."

பிறகு கொஞ்சம் சிரித்தாள். "உங்க புள்ள நல்லாத்தான் வரைஞ்சிருந்தாரு. என் மீனுக்கு மட்டும் கண்ணு போடல. அவசரத்துல வுட்டுட்டாரு போல."

அன்று திரும்பி வந்து முதலாளியிடம் பேசினேன். "அவள நிறுத்தினீங்கன்னா அடுத்த தடவ ஒருத்தரும் வாயத் தொறக்கமாட்டாங்க சார்."

"அப்போ தப்புப் பண்றவங்களுக்கு மாலை போடச் சொல்றியாம்மா?"

"மாலையெல்லாம் வேணாம் சார். வந்து சொல்றவங்களத் திட்டாம இருந்தாப் போதும். நீங்களுந்தானே அந்த ஸ்வீட் மெயில்ல அழுத்தினீங்க?"

"யார் சொன்னா?" என்றார். "வரைஞ்சவன் சொன்னான்" என்றேன். அதற்குமேல் அவர் தேவியை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. யார் போனில் எதைத் திறக்கச் சொன்னாலும், எண் கேட்டாலும், வண்டியை மாற்றச் சொன்னாலும், போனை எடுத்தவர் அதை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த எண்ணில் தானே திருப்பிக் கூப்பிடவேண்டும். சொல்வதற்கு எளிது. நம் ஆட்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உன் புத்தகங்களில் இருக்காது. பெரியவர் ஒருவர் சொல்லும்போது, "நீங்கதானா?" என்று திருப்பிக் கேட்பது நமக்கு அவரை அடிப்பதுபோல. "என்ன, என்னை நம்பலியா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்துதான் நாம் பாதிக் கதவுகளைத் திறந்துவிடுகிறோம். அதனால் கூடவே இன்னொன்றும் வைத்தோம்: திருப்பிக் கூப்பிடப்பட்டவர் முதலில், "நல்லதும்மா, நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். முதல் வாரத்திலேயே முதலாளி நிஜமாகவே அவசரமாக தேவியைக் கூப்பிட்டார். அவள், "சார், வெச்சுட்டு நானே பண்றேன்" என்று வைத்துவிட்டாள். பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டும் அவர் லைன் கிடைக்கவில்லை. அவர் அதே நேரத்தில் எனக்குப் போன் போட்டு, "எம் போனையே கட் பண்ணிட்டாம்மா அந்தப் பொண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார். "சார், நீங்க வெச்சாத்தான் அவ லைன் வரும்" என்றேன். வைத்தார். அடுத்த அறையிலிருந்து கேட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லதும்மா." அதன்பிறகு எல்லோருக்கும் அது வந்துவிட்டது.

நானும் இப்போது குரல் பதிவுகளைக் குறைத்துவிட்டேன். ரயிலில் சும்மா உட்கார்ந்து வருகிறேன். சில சமயம், திருமுல்லைவாயில் தாண்டும்போது, என் குரல் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது, யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். எனக்குத் தெரியாமல் என்னைவிட்டுப் பிரிந்து போய், கூட்டத்தில் எங்கோ இறங்கிவிட்ட ஒரு உறவுக்காரிபோல அதை நினைத்துக்கொள்கிறேன். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. பயம்தான் வருகிறது, பிறகு ஒரு மாதிரி ஏக்கம்.

மெஷின்கள் ஓடுகின்றன. டிராயிங்குகள் பாதி திரும்பக் கிடைத்தன, பாதியை வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்கினோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். ஒன்று சரியாகவில்லை. தேவி இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். முதலாளி இருக்கச் சொன்னார், நானும் சொன்னேன். "வேலையில ஒண்ணும் இல்லக்கா. அந்தப் பேருதான். காலையில கேட்டுக்குள்ள நொழையும்போதே கேக்குது" என்றாள். நான் குமாரிடம் பேசிப் பார்த்தேன். "அட, அன்பாத்தான்க்கா கூப்பிடறோம்! அது கோச்சிக்காது" என்றார். அவருக்கு அது நிஜம். நான் அதட்டினால் என் முன்னால் கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் உனக்கு நல்ல கருவிகள் கொடுப்பார்கள். எந்த மெயில் பொய், எந்தக் குரல் பொய் என்று உன் மெஷின் சொல்லும். ஆனால் எங்கோ ஒரு ஆபீஸில், தன் கையால் ஒன்றை அழுத்திவிட்ட ஒருவர், அம்பு தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து வந்து உன்னிடம் சொல்வதா, ஸ்கிரீனை அணைத்துவிட்டு மடியில் கை வைத்துக்கொள்வதா என்று அவர் அந்த நிமிஷம் முடிவு செய்வார். முந்தின வாரம் நீ எதைப் பார்த்துச் சிரித்தாய் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார். அதற்கு எதிராக உன் கருவிகளால் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் உன் தப்பு எவ்வளவு, சிரித்தவர்கள் தப்பு எவ்வளவு என்று நான் பிரிக்கவில்லை. முதலாளியை எடுக்கச் சொன்ன என் தப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். தேவி போகக்கூடாது.

நாளை சனிக்கிழமை. அவர்களுக்கு வேலை நாள். நாலு மணிக்கு டீ வரும். எல்லோரும் ஷெட் வாசலில் நிற்பார்கள், குமாரும் நிற்பார். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதே. அவ்வளவு பேர் முன்னால் வைத்த பெயரை அவ்வளவு பேர் முன்னால்தான் எடுக்கவேண்டும், எடுக்கவேண்டியவன் நீ. என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. தமாஷாக ஒன்றும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ வருவதாக அவளிடம் சொல்லவில்லை. ஒருவேளை நீ போகாவிட்டால் அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி சென்னீர்குப்பத்தில் இறங்கு. ஷெட்டுக்கு வழி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கூட வரட்டுமா என்று நீ கேட்பாய், வரமாட்டேன். நான் வந்தால், நீ வாயைத் திறப்பதற்குள் உனக்காக நானே பேசிவிடுவேன். அவளுக்கு நாளை என் குரல் வேண்டாம். உன் குரலை அவள் ஒருமுறை கேட்கட்டும்.

உன் அம்மா